நெருப்பில்லாமலும் புகையும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "சார், நான் கம்ப்யூட்டர் ஆசாமி. எனக்குக் கட்டுரையெல்லாம் வராதே" என்றேன். "அதனாலென்ன, உங்க தொழில்ல நடந்த சரித்திரத்தையே எழுதுங்க. இப்ப படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார். சரித்திரம் என்றதும் எனக்கு ராஜாக்களோ போர்களோ நினைவுக்கு வரவில்லை. நம் பழைய விடுதியின் கரும்பலகைதான் நினைவுக்கு வந்தது. மெஸ் வாசலில், தண்ணீர்ப் பானைக்கு மேலே மாட்டியிருக்குமே, அதேதான்.

1989-ஆம் வருடம், ஏப்ரல் மாதம். எங்களுக்கு இரண்டாம் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் ஒரு பேச்சு கிளம்பியது. "நாளைக்குப் பரீட்சை இல்லையாம். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டுட்டாங்களாம்." யார் சொன்னது? ஆபீஸ் பியூன் சொன்னாராம். யாரிடம் சொன்னார்? அது யாருக்கும் தெரியாது. அரை மணி நேரத்துக்குள் யாரோ அதைக் கரும்பலகையில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள். வாய்ப்பேச்சாக இருந்தவரை நம்பாதவர்களும் எழுத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார்கள். எங்கள் வகுப்பில் முதல் மாணவனாக இருந்தவனுக்கு அன்று ஊரில் அம்மன் கோயில் திருவிழா. பலகையைப் பார்த்தான், பையை எடுத்தான், கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை நடந்தது.

அவன் அந்தத் தாளை நவம்பரில் எழுதித் தொண்ணூறுக்கு மேல் வாங்கினான். ஆனால் எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே தேறியவர்களுக்குத்தான் பல்கலைக்கழக ராங்க் என்பது விதி. அவனுக்கு வந்திருக்க வேண்டிய ராங்க் ஒரு வரிச் சாக்பீஸ் எழுத்தால் போயிற்று. பலகையில் எழுதியது யார் என்று வார்டன் ஒரு வாரம் விசாரித்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நான் சாஃப்ட்வேர் தொழிலுக்கு வந்தேன். அங்கே முப்பது வருடமாக அதே பலகையை வேறு வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். "அந்தக் கம்பெனியை இந்தக் கம்பெனி வாங்கப் போகுதாம்" என்பதுதான் எங்கள் தொழிலில் அடிக்கடி அதில் எழுதப்படும் வாசகம். அந்த வாசகத்தின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வதந்திக்கு ஏன் இத்தனை விலை?

ஒரு கம்பெனியின் பங்கு சந்தையில் 20 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுவதுமாக வாங்க நினைப்பவர் 20 டாலர் கொடுத்தால் யாரும் தரமாட்டார்கள். 26, 27 என்று கூட்டிக் கொடுத்தால்தான் பங்குதாரர்கள் சம்மதிப்பார்கள். ஆகவே வாங்கப் போகிறார்கள் என்ற சேதி முதலில் யார் காதுக்குப் போகிறதோ, அவர் 20 டாலருக்கு வாங்கி வைத்துக் காத்திருந்தால் போதும். சேதி உண்மையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அதை ஒரு மணி நேரம் நம்பினாலே விலை ஏறும். ஏறியதும் விற்றுவிட்டுப் போய்விடலாம்.

இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1814 பிப்ரவரி 21 அன்று இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் ராணுவ அதிகாரி உடுப்பில் ஒருவர் வந்து இறங்கினார். நெப்போலியன் கொல்லப்பட்டான் என்றார். லண்டன் சந்தையில் அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை விறுவிறுவென்று ஏறியது. பொய் என்று தெரிவதற்குள், முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவர்கள் விற்றுக் காசாக்கிவிட்டார்கள். அன்று மக்களை நம்ப வைத்தது ஓர் உடுப்பு. நம் காலத்தில் அந்த வேலையைச் செய்வது ஒரு செய்தி நிறுவனத்தின் பெயரும் அதன் பக்க அமைப்பும்தான்.

பேர்கெயின்: ஒருநாள் கூத்து

1999 ஏப்ரல் 7. கலிபோர்னியாவில் டெலிபோன் கம்பிகள் வழியாக வேகமாகத் தகவல் அனுப்பும் கருவிகளைச் செய்துவந்த கம்பெனி பேர்கெயின். யாஹூவின் பங்குச் சந்தை அரட்டைப் பகுதியில் அன்று ஒருவர் ஒரு சேதியைப் போட்டார். இஸ்ரேலைச் சேர்ந்த இசிஐ டெலிகாம் என்ற கம்பெனி பேர்கெயினை 135 கோடி டாலருக்கு வாங்குகிறது என்பது சேதி. கூடவே, "வேண்டுமானால் இங்கே போய்ப் பாருங்கள்" என்று ஒரு முகவரி. அங்கே போய்ப் பார்த்தால் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் பக்கம் அச்சு அசலாக இருந்தது! உண்மையில் அது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் தொடங்கக்கூடிய ஓரிடத்தில் தயாரித்து வைத்த போலி. பங்கு விலை அன்று 31 சதவீதம் வரை ஏறியது. கம்பெனி மறுத்தது, விலை இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஆளைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு வாரமே ஆயிற்று. இலவசப் பக்கத்தைத் தொடங்கியபோது பதிவான கம்ப்யூட்டர் முகவரிகளை வைத்தே பிடித்துவிட்டார்கள். வெளியாள் யாருமில்லை, பேர்கெயினின் வட கரோலினா அலுவலகத்திலேயே வேலை பார்த்த 25 வயது இன்ஜினீயர். அவரிடம் கம்பெனிப் பங்கு இருந்தும், விலை ஏறியபோது அவர் விற்கவில்லை என்பதுதான் விசித்திரம். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து மாத வீட்டுக்காவல், ஐந்து வருடக் கண்காணிப்பு, 93,000 டாலருக்கு மேல் நஷ்ட ஈடு என்று தீர்ப்பாயிற்று.

கதை இதோடு முடியவில்லை. 2000 பிப்ரவரியில் ஏடிசி டெலிகம்யூனிகேஷன்ஸ் என்ற வேறொரு கம்பெனி பேர்கெயினை ஏறக்குறைய 160 கோடி டாலர் மதிப்புக்கு வாங்குவதாக அறிவித்தது. இந்த முறை நிஜமாகவே! "பார்த்தியா, நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாங்கியவர் வேறு, தொகை வேறு, காலம் வேறு. நடுராத்திரியில் விடிந்துவிட்டது என்று சொன்னவன், காலையில் விடிந்ததைக் காட்டி நான் சொன்னது சரிதானே என்று கேட்க முடியாது.

பெரிய இடத்துச் சேதியும் தப்பாகலாம்

அரட்டைப் பகுதியை நம்பியதுதானே தப்பு, பெரிய செய்தி நிறுவனங்களை மட்டும் நம்பினால் போதாதா என்று கேட்கலாம். 2000 ஆகஸ்ட் 25 அன்று எமுலெக்ஸ் என்ற கம்பெனிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். தலைவர் ராஜினாமா, லாபக் கணக்கில் கோளாறு என்று கம்பெனியே சொல்வதுபோல ஒரு போலி அறிக்கை, அறிக்கைகளை ஊடகங்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அதை எழுதியவர் 23 வயது இளைஞர். அந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். எந்த வார்த்தைகளில் கேட்டால் கேள்வியில்லாமல் வெளியிடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பெரிய பெரிய செய்தி நிறுவனங்கள் அதை எடுத்துப் போட்டன. 113 டாலரில் இருந்த பங்கு 43 டாலருக்குச் சரிந்தது. 220 கோடி டாலர் மதிப்பு காணாமல் போயிற்று. பொய் என்று தெரிந்ததும் பங்கு மீண்டுவிட்டது; நடுவில் பயந்து விற்றவர்கள் மீளவில்லை. அந்த இளைஞருக்கு 44 மாதச் சிறைத்தண்டனை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிறுவனங்கள் ஒரே சேதியைச் சொன்னால் ஐந்து சாட்சி என்று நினைக்கிறோம். ஐந்தும் ஒரே தாளைப் பார்த்துச் சொன்னால் சாட்சி ஒன்றுதான். அந்தத் தாள் பொய்யானால் ஐந்தும் பொய்.

பெண் பார்த்தது உண்மை, கல்யாணம்?

வதந்திகளில் இன்னொரு வகை உண்டு. இதுதான் ரொம்பச் சிக்கலானது. சொன்னது உண்மையாகவே இருக்கும், ஆனால் நடக்காது.

1996 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி நொடித்துப் போகும் நிலையில் இருந்தது. அதை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கப் போகிறது என்று பேப்பர்களில் வந்தது. அது புரளி அல்ல. பேச்சுவார்த்தை நடந்தது நிஜம். ஆனால் சன் தருவதாகச் சொன்னது சந்தை விலையைவிடக் குறைவு. பேச்சு முறிந்தது. பிப்ரவரியில் ஆப்பிளுக்குப் புதுத் தலைவர் வந்தார். அதன்பின் ஆப்பிள் எங்கே போயிற்று என்பது உலகத்துக்கே தெரியும்.

பதின்மூன்று வருடம் கழித்துச் சக்கரம் சுற்றி வந்தது. 2009 மார்ச்சில் சன் கம்பெனியை ஐபிஎம் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஒரே நாளில் சன் பங்கு எழுபது சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்தப் பேச்சும் உண்மைதான். ஏப்ரல் முதல் வாரத்தில் அது முறிந்தது. ஏப்ரல் 20 அன்று ஆரக்கிள் கம்பெனி முன்வந்து, 740 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2010 ஜனவரியில் சன் ஆரக்கிளோடு கலந்தது.

நம் ஊரில் பெண் பார்க்கப் போவதும் நிச்சயதார்த்தமும் தாலி கட்டுவதும் ஒன்றல்ல என்று குழந்தைக்கும் தெரியும். கம்பெனி விஷயத்தில் மட்டும் பெண் பார்த்த அன்றே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறோம்.

வலைப்பதிவர்கள் வந்தார்கள்

2005-ஆம் வருடத்துக்குப் பிறகு ஆட்டம் மாறியது. அச்சகமும் ஆசிரியர் குழுவும் இல்லாமல், வீட்டிலிருந்தே தனியாள் ஒருவர் தொழில்நுட்பச் செய்தி எழுத ஆரம்பித்தார். அவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஆரிங்டன். வக்கீலுக்குப் படித்தவர். 2005 ஜூனில் டெக்கிரஞ்ச் என்ற வலைப்பதிவைத் தொடங்கினார்.

2006 அக்டோபர் 6 அன்று, யூடியூப் கம்பெனியை கூகுள் 160 கோடி டாலருக்கு வாங்கப் பேசுகிறது என்று அவர் எழுதினார். அதிலே அழகு என்னவென்றால், இது சற்றும் ஆதாரமில்லாத வதந்தி என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்! அன்றே வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் பேச்சு நடப்பதாக எழுதியது. மூன்றாம் நாள், அக்டோபர் 9 அன்று, 165 கோடி டாலருக்குக் கையெழுத்தானது என்று கூகுளே அறிவித்தது. தனியாள் ஒருவர் பெரிய பேப்பர்களுக்குச் சமமாக நின்றார். வலைப்பதிவர்களுக்கு அன்று கிடைத்த மரியாதை சாதாரணமானதல்ல.

2009-இல் அதே டெக்கிரஞ்ச், ட்விட்டரை கூகுள் வாங்கும் பேச்சு இறுதிக் கட்டத்தில் இருக்கிறது என்று ஏப்ரல் தொடக்கத்தில் எழுதியது. சிறிது நேரத்திலேயே, இல்லை, ஆரம்பக் கட்டம்தான் என்று இன்னொருவர் சொல்வதாகச் சேர்த்தது. காரா ஸ்விஷர் என்ற அனுபவமுள்ள செய்தியாளர் தனக்குத் தெரிந்த ஆட்களை விசாரித்துவிட்டு, அப்படியொன்றும் இல்லை என்று எழுதினார். ஒரு மாதம் கழித்து, ட்விட்டரை ஆப்பிள் 70 கோடி டாலருக்குக் கேட்கிறது என்று அடுத்த வதந்தி. இரண்டும் நடக்கவில்லை. ட்விட்டர் 2013-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் கைக்குப் போயிற்று.

ஆதாரமில்லாததை எழுதலாமா என்ற சண்டை அப்போது அமெரிக்காவில் பெரிதாக நடந்தது. வலைப்பதிவர்கள் தரப்பு வாதம் இது: நாங்கள் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்லிப் போடுகிறோம். விஷயம் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். உண்மை படிப்படியாக வெளிவரும். மறுதரப்பு சொன்னது: திருத்தம் வருவதற்குள் தலைப்பு ஊரைச் சுற்றி வந்துவிடும், திருத்தத்தை யார் படிக்கிறார்கள்?

என்னைக் கேட்டால் இரண்டிலும் நியாயம் உண்டு. இது வதந்தி என்று ஆரிங்டன் தலைப்பிலேயே போட்டது நேர்மைதான். ஆனால் சேதி கைமாறும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்த ஒரு வார்த்தைதான். "வாங்கக்கூடும்" என்பது அடுத்த வாயில் "வாங்கப் போகிறது" ஆகும். அதற்கடுத்த வாயில் "வாங்கிட்டாங்களாம்" ஆகும்.

2012 நவம்பர் 26 அன்று, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வயர்லெஸ் இன்டர்நெட் வசதி செய்து தரும் ஐகோவா என்ற சின்னக் கம்பெனியை கூகுள் 40 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது என்று ஓர் அறிக்கை வந்தது. ஐகோவா பங்கு அப்போது ஒரு சென்டுகூடப் பெறாது! வலைப்பதிவுகள் மட்டுமா? அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமே அந்தச் சேதியை வெளியிட்டுவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றது. அறிக்கையை நம்பாமல் ஐகோவாவைத் தொடர்புகொண்டு கேட்டவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே உண்மை தெரிந்துவிட்டது. வலைப்பதிவர் நல்லவரா, பத்திரிகைக்காரர் நல்லவரா என்ற கேள்வியே தப்பு. போன் எடுத்துக் கேட்டவர், கேட்காதவர் என்ற இரண்டே ஜாதிதான்.

கம்பெனி ஏன் வாயைத் திறப்பதில்லை?

போன் செய்தால் "இதுபற்றி நாங்கள் எதுவும் சொல்வதற்கில்லை" என்றுதானே பதில் வரும் என்பீர்கள். வரும். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

அமெரிக்காவில் எஃகு உலைகளுக்கு வேண்டிய பொருள்களைச் செய்த பேசிக் என்ற கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்க முயன்றது. 1977-லும் 1978-லுமாக மூன்று தடவை, இணைப்புப் பேச்சு எதுவும் இல்லை என்று பேசிக் பகிரங்கமாக மறுத்தது. 1978 டிசம்பரில் இணைப்பை அறிவித்தது! மறுப்பை நம்பி இடையில் குறைந்த விலைக்குப் பங்குகளை விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இணைப்பு நடப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் கம்பெனிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்ற இரண்டையும் சேர்த்து எடைபோட்டே பேச்சுவார்த்தை முக்கியமானதா என்று முடிவு செய்ய வேண்டும். சொல்வதற்கில்லை என்று மௌனமாக இருக்கலாம், பொய் சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். அதிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் மௌனத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே மௌனத்தைச் சம்மதமாகவும் எடுக்கக்கூடாது, மறுப்பாகவும் எடுக்கக்கூடாது.

பிரிட்டனில் 2011 முதல் வேறு வழி வைத்திருக்கிறார்கள். வாங்க நினைப்பவர் பெயர் வெளியே வந்துவிட்டால், 28 நாளில் ஒன்று விலையோடு முன்வர வேண்டும், இல்லையேல் விலகிக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் விலைக்குப் போகும் கம்பெனியே கேட்க வேண்டும்.

நம் நாட்டில் செபி அமைப்பு ஒருபடி மேலே போயிருக்கிறது. முக்கிய ஊடகங்களில் வரும் வதந்தியால் பங்கு விலை பெரிதாக ஆடினால், 24 மணி நேரத்துக்குள் கம்பெனி ஆம் என்றோ இல்லை என்றோ விளக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்கும், டிசம்பர் 1 முதல் முதல் 250 கம்பெனிகளுக்கும் இது கட்டாயம். நல்ல விதி. ஆனால் அந்த 24 மணி நேரத்துக்குள் விற்கிறவர் விற்றுவிடுவார், வாங்குகிறவர் வாங்கிவிடுவார். அந்த இடைவெளியில் நமக்குத் துணை நம் புத்திதான்.

தம்பி தங்கைகளுக்கு

இணைப்பு என்றால் பங்கு விலை மட்டுமல்ல. அங்கே வேலை செய்பவர்களின் சோறும் அதில் இருக்கிறது. வதந்தியை நம்பி, இருக்கிற வேலையை விட்டவர்களையும், கிடைத்த வேலையை வேண்டாம் என்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு உங்கள் கம்பெனியைப் பற்றியும் இப்படி ஒரு சேதி வரும். அப்போது நாலே கேள்வி கேளுங்கள். சொல்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? சம்பந்தப்பட்டவரிடம் யாராவது கேட்டார்களா? பேச்சா, கையெழுத்தா, முடிந்துவிட்டதா? நாலுக்கும் பதில் இல்லையென்றால் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பேர்கெயின் இளைஞர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியாமலே இருந்தது. காசுகூடப் பார்க்கவில்லையே என்று. பிறகு என் கதையை நினைத்துக்கொண்டேன். எனக்கும் அன்று எந்த லாபமும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் ஒரு சேதியைச் சொன்னவன் என்ற அரை மணி நேரப் பெருமைதான்.

ஆமாம் நண்பர்களே, 1989-இல் கரும்பலகையில் எழுதியது நான்தான். ஆபீஸ் மெஸ்ஸிலிருந்து முந்நூறு அடி தூரம். பிரின்சிபால் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வார்டன் விசாரித்தபோதும் சொல்லவில்லை.

அந்த நண்பன் இந்த ஒன்றுகூடலுக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறான். இந்த மலர் அவன் கைக்கும் போகும். வாழ்க்கையில் அவன் நன்றாகவே இருக்கிறான். அது அவன் உழைப்பு, என் புண்ணியம் அல்ல. அவன் மலரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் முதல்நாள் சாயங்காலமே அவன் ஊருக்குப் போய், நேரில் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் தாமதமான திருத்தம்தான். ஆனாலும் திருத்தம் திருத்தம்தானே.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!